பழைய மண்சுவர் வீட்டுக்குக் கூரை: கீற்றா, பனையோலையா, புல்லா, ஓடா, தகரமா?

ஊரில் பூர்விக வீடு இருக்கிறது. ஒன்றேகால் அடி கனமுள்ள மண்சுவர் இன்னும் அசையாமல் நிற்கிறது, கூரைதான் கைவிட்டுவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: பழையபடி ஓலை வேய்வதா, புல்லைத் தேடிப் போவதா, ஓட்டுக்கு மாறுவதா, தகரத்தை அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பதா? ஊரில் யாரைக் கேட்டாலும் தகரம் என்றே சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பதில் வேய்வதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. சுவருக்கு என்ன ஆகும் என்பது அதில் வருவதேயில்லை. எனவே இந்த ஒப்பீட்டைச் சுவரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

## வீடு எப்படி நிற்கிறது

பழைய கூரைவீட்டில் சுவர், சரிவு, திண்ணை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அமைந்தவை. குளத்து மண்ணையோ கொல்லை மண்ணையோ வைக்கோல் கலந்து மிதித்துப் புளிக்கவைத்து, ஒரு முழ உயரத்துக்கு வைத்து, அது காய்ந்த பின் அடுத்த முழம் வைத்து எழுப்பிய சுவர் அது. அதற்கு ஆழமான அடித்தளம் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சுகூடப் பல வீடுகளில் இருப்பதில்லை. தலையும் காலும் நனையாதவரை அந்தச் சுவர் நூறு ஆண்டு நிற்கும். கால் நனையத் தொடங்கினால் இரண்டு மழைக்காலத்தில் கரையும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி வெளியே வந்து, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இறவாணத்தை (கூரையின் கீழ்விளிம்பை) தாழ்த்தி நிற்கிறது. இறவாணத்து நீர் திண்ணைக்கு அப்பால் விழுகிறது. திண்ணை தெறிப்பை வாங்கிக்கொள்கிறது. சுவர் காய்ந்தே இருக்கிறது. திண்ணையை உட்காருமிடமாக மட்டும் பார்ப்பவர்கள் அதை இடித்துவிட்டுத் தாழ்வாரத்தைக் குறுக்கும்போது, சுவரின் காலணியைக் கழற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: கூரையின் பாரம் எதன்மேல் இறங்குகிறது? சில வீடுகளில் பனந்தூண்களும் மரத்தூண்களும் உத்திரத்தைத் தாங்குகின்றன. சுவர் அறைகளைப் பிரிக்கும் தடுப்பு மட்டுமே. வேறு சில வீடுகளில் தூணே கிடையாது. கைமரங்கள் (முகட்டிலிருந்து சாய்வாக இறங்கும் தாங்குமரங்கள்) நேராகச் சுவர்மேல் கிடக்கும் சட்டத்தில் உட்காருகின்றன. முன்னதில் தேர்வுக்கு இடம் அதிகம். பின்னதில் மிகக் குறைவு. வீட்டுக்குள் நின்று மேலே பார்த்தாலே இது தெரிந்துவிடும். கைமரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்து ஏமாறக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில்தான் செல் (கறையான்) முதலில் ஏறும். ஒரு ஸ்க்ரூடிரைவரை அங்கே குத்திப் பார்த்தால், வைரம் பாய்ந்த பனை ஊசி நுழையவும் இடங்கொடாது. அரிக்கப்பட்டது பிஸ்கட்டைப்போல உதிரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் சரிவு. ஓலைக்கும் புல்லுக்கும் 40 முதல் 45 பாகைச் சரிவு வேண்டும்; நீர் உள்ளே ஊறுவதற்கு முன் வழிந்து ஓடினால்தான் அவை பிழைக்கும். ஓடு 25 முதல் 35 பாகைக்குள் அடங்கும். தகரத்துக்கு இவ்வளவு சரிவு தேவையே இல்லை.

இரண்டாவது பாரம். மூன்றாவது, பொருள் எங்கே கிடைக்கிறது, அதை வேயத் தெரிந்த கை எங்கே இருக்கிறது என்பது. பழங்காலத்தில் இது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவரின் குடிசை ஈந்திலையாலும் (ஈச்ச ஓலையாலும்), முல்லைநிலச் சிற்றூர் வரகு வைக்கோலாலும், வலைஞர் என்னும் மீனவரின் குடில் தருப்பையாலும், தோப்பு உழவரின் மனை தென்னை மடலாலும் வேயப்பட்டிருக்கின்றன. எது விளைந்ததோ அதுவே கூரை. இன்று லாரி வைத்து எதையும் எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் வேய்பவரை ஒவ்வோர் ஆண்டும் லாரியில் வரவழைக்க முடியாது.

நான்காவது தீ. ஐந்தாவது அளவுகோலைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை: வீட்டுக்குள் அடுப்பு எரிகிறதா? விறகடுப்புப் புகை நாள்தோறும் கூரைக்குள் ஏறி, ஓலையை உலர்த்தி, வண்டும் செல்லும் பூஞ்சையும் அண்டாமல் காத்துவந்தது. பழைய கைமரங்களில் கருமினுப்பாகப் படிந்திருக்கும் புகைக்கரி அந்தக் காவலின் தடம். கேஸ் அடுப்பு வந்த வீட்டிலும், ஆள் குடியிருக்காமல் பொங்கலுக்கு மட்டும் திறக்கும் வீட்டிலும் அதே ஓலை, அதே ஆள் வேய்ந்தாலும், முன்போல உழைப்பதில்லை. "அந்தக் காலத்து ஓலை தரமானது" என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு பங்கு புகைக்குச் சேர வேண்டியது.

| கூரை | ஆயுள் | சரிவு | பாரம் | தீ |
|---|---|---|---|---|
| தென்னங்கீற்று | 1–2 ஆண்டு | 40–45 பாகை | குறைவு | உடனே பற்றும் |
| பனையோலை | 3–5 ஆண்டு | 40–45 பாகை | குறைவு | உடனே பற்றும் |
| வரகு வைக்கோல், விழல் (ஈரநிலப் புல்) | 7–10 ஆண்டு, நல்ல வேலையானால் மேலும் | 45 பாகை | நடுத்தரம். நனைந்தால் கூடும் | பற்றும். இறுக்கமாக வேய்ந்தால் சற்று மெதுவாக |
| ஓடு | பல பத்தாண்டு, இடையே பிரித்து மேய்ந்தால் | 25–35 பாகை | மிக அதிகம் | பற்றாது |
| தகரம் | 15–20 ஆண்டு, கடலோரத்தில் குறையும் | 10 பாகையும் போதும் | மிகக் குறைவு | பற்றாது |

ஆயுட்கணக்கு சரியான சரிவு, பராமரிப்பு, ஆள் குடியிருப்பு ஆகிய மூன்றும் இருக்கும் வீட்டுக்கானது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கீழெல்லையையே நம்ப வேண்டும்.

## தென்னங்கீற்று

மட்டையை நடு நரம்போடு இரண்டாகப் பிளந்து, குளத்திலோ தொட்டியிலோ சில நாள் ஊறப்போட்டு, முடைந்து, காயவைத்து அடுக்குவது கீற்று. ஊறவைப்பது முடைய வசதியாக இருப்பதற்கு மட்டுமன்று; இலையிலுள்ள இனிப்புச் சத்து நீரில் இறங்கிவிடுவதால் பூச்சி விரும்பி வராது. அவசரத்தில் ஊறவைக்காமல் முடைந்த கீற்று நிறத்தில் வேறுபடாது. ஆறேழு மாதத்தில் பொடி உதிரத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கீற்றின் விலை குறைவு என்பது முதல் ஆண்டுக் கணக்கு. ஐந்தாண்டுக் கணக்கில் கூலி மூன்று தடவையாவது திரும்ப வரும். பொருளின் விலையை விட அதுவே பெரிது. பழைய கீற்றைப் பிரிக்காமல் மேலே புதிதைப் போடும் பழக்கத்தால் அடியில் மக்கிய அடுக்கு ஈரத்தைப் பிடித்துவைத்து வரிச்சை (கைமரங்களுக்குக் குறுக்கே கட்டும் கழிகளை) அழுகவைக்கிறது. தார்ப்பாயைக் கீற்றுக்கு அடியில் விரித்துவிட்டால் ஒழுகாது என்பது உண்மையே. ஆனால் கீற்று மூச்சுவிட இடமின்றி அடிப்புறத்தில் அழுகுவது கீழிருந்து தெரியாமல் போகும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, நாகைத் தென்னந்தோப்புகள் சாய்ந்ததையும் மறக்கக் கூடாது: கூரையைப் பிய்த்த அதே காற்று, அடுத்த கூரைக்கான மட்டையையும் அழித்தது.

ஆயினும் கீற்றுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. முடிவெடுக்க நேரம் வேண்டும், பங்காளிகளிடம் பேச வேண்டும், பணம் சேர வேண்டும் என்ற நிலையில், வரவிருக்கும் ஐப்பசி மழையிலிருந்து சுவரைக் காப்பாற்ற இதைவிட விரைவான முதலுதவி இல்லை. சொந்தத் தோப்பும் முடையும் கையும் உள்ள வீட்டுக்கு அது நிரந்தரத் தீர்வாகவும் இருக்கலாம்.

## பனையோலை

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் பழைய வீட்டின் எலும்பும் தோலும் பனைதான்: தூண், கைமரம், வரிச்சு, ஓலை, கட்டும் நார் வரை. வெட்டிய ஓலையை விரித்து அடுக்கி, மேலே கல் ஏற்றித் தட்டையாக்கிய பின்பே வேய்வார்கள். இறவாணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைப் பாதிக்கு மேல் மூடும்படி இறுக்கிக் கட்டுவது முறை. முகடு வந்ததும் இருபுறத்து ஓலையும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, அதன்மேல் கழிகளைக் குறுக்கே வைத்து அழுத்திக் கட்டப்படும். ஒழுகும் பனைக்கூரையில் பத்துக்கு எட்டு முகட்டில்தான் ஒழுகும். கூலி பேசும்போது முகட்டுக் கட்டைத் தனியாகப் பேசி, மறு ஆண்டு வந்து அதை மட்டும் இறுக்கித் தரும்படி கேட்பது நல்லது.

மறைந்திருக்கும் செலவு மரத்தின் உச்சியில் இருக்கிறது. ஒரு பனை ஆண்டுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஓலைதான் புதிதாக விடும். ஒரு சிறு வீட்டுக்கே நூற்றுக்கணக்கில் ஓலை வேண்டும். மரம் ஏறுபவர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். கைமரம் மாற்ற வேண்டியிருந்தால் செலவு இன்னொரு படி ஏறும்: பனை தமிழ்நாட்டின் மாநில மரம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் அரசு அறிவித்தது. எனவே வைரம் பாய்ந்த பழைய பனங்கைகளை, வளைந்திருக்கின்றன என்பதற்காகத் தூக்கி எறிவது பெரிய அறிவீனம். இடிக்கும் வீடுகளிலிருந்து அவை விலைக்குக் கிடைத்தால் வாங்கி வைக்கலாம்.

வீட்டைச் சுற்றிச் சொந்தப் பனை நிற்கிறது, ஏறுபவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், வீட்டில் ஆள் குடியிருக்கிறது என்றால் பனையோலையே சரியான தேர்வு. பழைய கட்டமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது அதன் பெரும் பலம். உப்புக்காற்றிலும் தகரத்தைப்போலத் துருப்பிடித்து ஓட்டை விழும் கவலை அதற்கில்லை.

## வரகு வைக்கோலும் விழலும்

நீண்ட கால நோக்கில் பழைய வீட்டுக்கு உகந்தது புல்தான் என்பது என் கருத்து. கிடைக்கும் இடத்தில் மட்டும் என்று உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். நெல் வைக்கோல் இந்தக் கணக்கில் சேராது. அது ஓரிரு மழைக்கே தளர்ந்துவிடும். வரகுத் தாள் விறைப்பானது, எளிதில் மக்காது, மாட்டுக்கும் அவ்வளவு உகந்த தீவனமன்று. அதனால் கூரைக்கு ஒதுக்க விவசாயிக்கும் மனத்தடை இராது. ஏரிக்கரையிலும் ஈரநிலத்திலும் வளரும் விழலும், மலையடிவாரத்து மஞ்சம்புல்லும் இதே வரிசையில் வருபவை. நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) பழைய வீடுகளும் கோயில்களும் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்த சட்டத்தின்மேல் புல்லால்தான் வேயப்பட்டன. அவ்வளவு மழையிலும் அவை தாங்குவதற்கு வேய்ச்சலின் கனமும் செங்குத்தான வளைவுமே காரணம்.

புல்லில் கனமே உயிர். கற்றைகளின் அடிப்பக்கத்தைத் தட்டிச் சமன்செய்து, ஒரு சாண் கனத்துக்குக் குறையாமல், கை நுழையாத இறுக்கத்தில் கட்ட வேண்டும். மழைநீர் மேலே ஓரங்குல அளவுக்கு மட்டுமே ஊறி, தாள் வழியே இறங்கி இறவாணத்தில் சொட்டும். அதற்குக் கீழே புல் உலர்ந்தே கிடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்புறம் தேய்ந்து கனம் குறையும். தேய்ந்த பகுதியில் மட்டும் புதிய கற்றையைச் சொருகிச் சரிசெய்யலாம். இப்படிப் பகுதி பகுதியாகப் பழுது பார்க்க முடிவது கீற்றில் இல்லாத வசதி.

இனி மறைசெலவு. அறுவடை இயந்திரத்தில் போன தாள் நொறுங்கிவிடும். கையால் அறுத்து, மிதித்தோ அடித்தோ மணி பிரித்த நீளத்தாள் வேண்டும். அதற்கு விதைப்புக் காலத்திலேயே விவசாயியிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவைக்க நேரிடும். வேய்பவர்களுக்குத் தட்டுப்பாடும் உண்டு. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் கை தேர்ந்தவர்களை இன்னும் காணலாம், அவர்களையும் விடுதிகளும் ரிசார்ட்டுகளும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுகின்றன. ஒரு சாண் கனப் புல் நனைந்தால் ஓலையைவிடப் பல மடங்கு கனக்கும். கீற்றுக்கென்று மெல்லிய சவுக்குக் கழியில் கட்டிய சட்டம் அதைத் தாங்காது. எலியும் அணிலும் குடியேறும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். அடர்ந்த மர நிழலில் இருக்கும் வீட்டுக்கூரை வெயில் படாமல் பாசி பிடிக்கும். அங்கே புல்லின் ஆயுள் பாதியாகும். மரக்கிளையைக் கழிக்க மனமில்லாதவர்கள் புல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## ஓடு

பாசல் மிஷன் என்னும் கிறித்தவ மதப்பரப்பு அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய சீமை ஓடு, நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்க் கிராமங்களில் வசதியின் அடையாளமாக இருந்துவருகிறது. குயவர் சூளையில் வெந்த நாட்டு ஓடு அதற்கும் மூத்தது. இன்று புதிதாகக் கிடைப்பது அரிது, பெரும்பாலும் இடித்த வீட்டு ஓடுதான்.

தீக்கும் ஆயுளுக்கும் ஓட்டை மிஞ்சுவது இல்லை. தடை பாரத்தில் வருகிறது. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 சீமை ஓடு தேவை. எடை 300 கிலோவைத் தாண்டும். நாட்டு ஓட்டை இரட்டை அடுக்காகப் போட்டால் இன்னும் அதிகம். தூணில்லாத மண்சுவர் வீட்டில் இந்தப் பாரம் முழுவதும் சுவர்த்தலையில் இறங்கி, கைமரங்கள் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். மூலைகளில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடுவது அதன் முதல் அறிகுறி. ஆகவே தூண் நிறுத்தி உத்திரம் ஏற்றாமல் ஓட்டுக்கு மாறக் கூடாது. சரிவைக் குறைக்க முகட்டை இறக்கும்போதோ இறவாணத்தை உயர்த்தும்போதோ வீட்டின் முகமே மாறிவிடும். தாழ்வாரம் குறுகினால் சுவர்க்கால் நனையும். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அடிக்கும் செலவு, குரங்கும் மயிலும் நொறுக்கும் ஓட்டுக்கு மாற்று, சில ஆண்டுக்கொரு முறை பிரித்து மேயும் கூலி ஆகியவற்றையும் மதிப்பீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தூண்கள் திடமாக இருக்கும் வீடு, நெருக்கமான தெரு, ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு ஆகிய மூன்றுக்கும் நான் ஓட்டையே சொல்வேன்.

## தகரம்

தகரத்தின் பாரம் 100 சதுர அடிக்கு நாற்பது ஐம்பது கிலோதான். சுவருக்கு அது நல்ல செய்திபோலத் தோன்றும். காற்றுக்கோ அது இன்னும் நல்ல செய்தி. பழைய கூரை தன் பாரத்தாலும் கயிற்றுக்கட்டாலும் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. அதே சட்டத்தில் தகரத்தை ஆணியடித்தால், 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய 'தானே' போன்ற புயலில் சட்டத்தோடு சேர்ந்து பறக்கும். பறக்கும் தகரம் பக்கத்து வீட்டுக்காரரையும் விட்டுவைக்காது. சித்திரை வெயிலில் அடியில் இருக்க முடியாது. மார்கழிப் பனியில் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். அடித்தவர்கள் பெரும்பாலும் வெளிநீட்டத்தை ஓரடியோடு நிறுத்துகிறார்கள். மூன்றாம் ஆண்டில் சுவரின் அடிப்பகுதி உள்வாங்கியிருப்பதைக் காணலாம்.

ஆனாலும் ஆண்டுதோறும் வேய வசதியில்லாத முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தகரம் நேர்மையான தீர்வுதான். பழைய சரிவையும் மூன்றடி வெளிநீட்டத்தையும் அப்படியே வைத்து, சட்டத்தைத் தரையில் ஊன்றிய தூண்களோடு கம்பியால் பிணைத்து, வெப்பத்துக்கு மேலே ஒரு வரிசை கீற்றைப் பரப்பினால் சுவரும் பிழைக்கும், ஆளும் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

## தீயைப் பற்றித் தனியாக

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் ஓலைக்கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். பலர் கூடும் இடத்துக்கும், படிப்பகமாகவோ விடுதியாகவோ மாற்றப்போகும் வீட்டுக்கும் ஓலையையும் புல்லையும் இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும். குடியிருக்கும் வீட்டில் ஆபத்தைக் குறைக்க முடியும். சில பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே பனஞ்சட்டங்களின்மேல் மண் பரப்பிய மச்சு இருக்கிறது; கூரை முழுவதும் எரிந்தாலும் அறைக்குள் இருப்பவர் வெளியேற அது நேரம் தரும். அதை இருட்டு என்று இடித்துவிடுபவர்கள் வீட்டின் தீக்காப்பையே இடிக்கிறார்கள். சமையற்கட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டின்கீழ் வைப்பதும், மின்கம்பியைக் குழாய்க்குள் இழுத்து கைமரத்தைத் தொடாமல் சுவர்வழியே கொண்டுபோவதும் கட்டாயம். அடுப்பு தனியே போனால் புகைக்காவலும் போகும் என்பது இங்கே உள்ள முரண். இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் உயிரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூரையை ஓராண்டு முன்னதாக வேய்ந்துகொள்ளலாம்.

பழைமையைக் காப்பது நோக்கமன்று, பாதுகாப்பாக ஒதுங்க ஓரிடம்தான் தேவை என்பவர்கள் ஊராட்சி ஒன்றியத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை விசாரிக்கலாம். குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் திட்டம் அது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. மண்சுவரை வைத்துக்கொண்டு கூரையை மட்டும் புதுப்பிக்க அந்தப் பணம் உதவாது.

## வேலையின் காலம்

வரகுத் தாள் தை, மாசியில் கைக்கு வரும். சுவரின் பழுதைப் பங்குனிக்குள் மண்ணும் வைக்கோலும் குழைத்துச் சரிசெய்து காயவிட வேண்டும். சிமென்ட் பூச்சு வேண்டாம், அது ஈரத்தை உள்ளே அடைத்து மண்ணைப் பிரித்துவிடும். வேய்வதைச் சித்திரை, வைகாசிக்குள் முடித்தால் ஆடிக்காற்றுக்கு முன் கட்டுகள் படிந்து இறுகும். எங்கே தூக்குகிறது என்பதை ஆடியிலேயே பார்த்து இறுக்கிவிட்டால் ஐப்பசி அடைமழைக்குக் கூரை தயாராக இருக்கும். பழைய கூரையைப் பிரித்த அன்றே முழுவதையும் அவிழ்க்காமல் பாதி பாதியாகப் பிரித்து வேயச் சொல்ல வேண்டும். கோடை மழை ஒன்று அடித்தால் திறந்து கிடக்கும் சுவர்த்தலை தாங்காது. மிச்சமாகும் கற்றைகளையும் ஓலையையும் வீட்டை ஒட்டி அடுக்காமல், எட்டியுள்ள கொட்டகையில் பரணில் ஏற்றி வைத்தால், மறு ஆண்டு முகட்டைச் சரிசெய்யப் பொருள் தேடி அலைய வேண்டியிராது.